இருதுறை வல்லவர் எம்.ஜே. கோபாலன்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஒன்றைப் பற்றி நின்று அதனை முடிப்பவனே வெற்றி காண்பான் என்பது அதன் கருத்து. ஆயின், அதே தமிழுலகம்தான் ஒரே வேளையில் எட்டுச் செயல்களில் கருத்தைச் செலுத்தும் அட்டாவதானியை அவையில் ஏற்றிப் போற்றியது. ஒருவன் ஒன்றில் நிற்பதா, பலவற்றில் சிறப்பதா என்னும் வினாவுக்கு நம் முன்னோர் ஒரே விடையைக் கூறிச் செல்லவில்லை.

இவ்வினா ஏட்டில் மட்டும் எழுவதன்று. பள்ளித் திடலில் நாள்தோறும் எழுவது. கால்பந்திலும் ஓட்டத்திலும் முதலாக வரும் மாணவனைப் பார்த்து, "இரண்டில் ஒன்றை விட்டுவிடு" என்று கூறும் ஆசிரியரும் உளர். "இரண்டையும் விட்டுவிட்டுப் புத்தகத்தை எடு" என்று கூறும் பெற்றோரும் உளர். இவ்விரு அறிவுரைகளையும் நிறுத்துப் பார்ப்பதற்கு ஒரு தமிழரின் வாழ்க்கை பெரிதும் துணைபுரியும். அவரே மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன். எம்.ஜே. கோபாலன் என்றால் பழைய தலைமுறையினர் அறிவர். கிரிக்கெட், வளைகோற்பந்து எனப்படும் ஹாக்கி ஆகிய இரண்டு ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆடியவர் அவர். 1936ஆம் ஆண்டில் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டிய நிலை அவருக்கு வந்தது. அவர் தேர்ந்தது எது, அதனால் இழந்தது எது, பெற்றது எது என்பவை ஆராயத்தக்கன.

ஆட்டமும் கூலியும்

கோபாலனின் கதைக்குள் புகுமுன், விளையாட்டு வரலாற்றில் ஓர் அடிப்படைச் செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். ஆடுவதற்குத் திறமை வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. ஆடுவதற்கு நேரமும் வேண்டும் என்பதும், நேரத்துக்கு விலை உண்டு என்பதும் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை.

இதனை விளக்க இங்கிலாந்தின் வடபகுதியில் நிகழ்ந்த ஒரு பிளவு போதும். அங்கே யார்க்ஷயர், லங்காஷயர் வட்டாரங்களில் நிலக்கரிச் சுரங்கத்திலும் நெசவாலையிலும் உழைத்தவர்கள் ரக்பி என்னும் பந்தாட்டத்தில் பேரார்வம் கொண்டிருந்தனர். ஆட்டத்துக்காக அவர்கள் வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போயிற்று. இழந்த கூலியை மட்டுமாவது கழகம் ஈடுசெய்யலாம் என்று அவர்கள் கேட்டனர். 1893இல் ரக்பிச் சங்கத்தின் கூட்டத்தில் இக்கோரிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 136 வாக்குகளும் எதிராக 282 வாக்குகளும் விழுந்தன. பணத்துக்காக ஆடுதல் ஆட்டத்தின் தூய்மையைக் கெடுக்கும் என்பது எதிர்த்தோர் வாதம். அவ்வாறு வாதிட்டவர்களிற் பலர் கூலியை நம்பி வாழாதவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாண்டு கழித்து, 1895 ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள், ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் விடுதியில் வடபுலக் கழகங்கள் கூடித் தனிச் சங்கம் கண்டன. இருபத்திரண்டு கழகங்கள் அதில் இணைந்தன. வேலை இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் என்பது அவர்கள் வகுத்த ஈட்டுத் தொகை. 1898இல் ஆட்டத்துக்கே ஊதியம் தரவும் அச்சங்கம் இசைந்தது. ஆயினும் ஆட்டக்காரன் வேறொரு முறையான வேலையிலும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. 1906இல் ஓரணிக்குப் பதினைவர் என்பதைப் பதின்மூவர் எனக் குறைத்து ஆட்டத்தை விரைவாக்கியது. இதுவே இன்று ரக்பி லீக் என வழங்கும் ஆட்டம். அதன் முற்கால ஆட்டக்காரர் சிலர் குத்துச்சண்டை மேடையிலும் ஏறினர். இரண்டும் உடல் வலிமையைக் காசாக்கும் வழிகள்; வீட்டில் அடுப்பெரிய இரண்டும் உதவின. பழைய சங்கமோ புதிய சங்கத்தில் ஒருமுறை ஆடியவனை வாழ்நாள் முழுதும் ஒதுக்கி வைத்தது. அவ்வேலி முற்றிலும் நீங்க 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இச்செய்தி மலாக்கா வட்டாரத்துத் தமிழர்க்குப் புதிதாகத் தோன்றாது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்ட காலந்தொட்டு, ஆசகான், ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டி வாழ்ந்தோர் நாட்கூலிக்கே உழைத்தனர். விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுக்காதவனுக்கு அன்று பேரில்லை, பேரில்லையேல் காசில்லை. பக்கத்துத் தோட்டத்தோடு பந்தாடப் போகிறவன் தன் ஒரு நாள் கூலியை எடைபோட்டுப் பார்த்தே போக வேண்டும். ஹடர்ஸ்ஃபீல்டுச் சுரங்கத்தொழிலாளி கேட்ட ஆறு ஷில்லிங்கின் பொருள் அவனுக்குச் சொல்லாமலே விளங்கும்.

தமிழில் இரு சொற்கள்

பணம் பெறாது ஆடுபவர், பணம் பெற்று ஆடுபவர் என்னும் பாகுபாட்டைக் குறிக்க நாடகத் துறையில் முன்பே வழங்கிய பயில்முறை, தொழில்முறை என்னும் சொற்கள் விளையாட்டுக்கும் நன்கு பொருந்துகின்றன. இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் 1962 வரை இப்பாகுபாடு சட்டமாகவே இருந்தது. பயில்முறையாளர் 'கனவான்கள்' எனப்பட்டனர். தொழில்முறையாளர் வெறும் 'ஆட்டக்காரர்கள்' எனப்பட்டனர். பல திடல்களில் இருவரும் வெவ்வேறு வாயில் வழியே வந்தனர். சென்னையில் வேரூன்றிய கிரிக்கெட், இந்தக் கனவான் மரபின் நிழலிலேயே வளர்ந்தது. நிலமும் வணிகமும் உடைய குடும்பத்தினர் ஆடினர். வெள்ளைக் கம்பெனி அதிகாரிகள் ஆடினர். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் அவர்களோடு ஆண்டுக்கணக்கில் ஆட வேண்டுமானால், ஆடுவதற்கு விடுப்புத் தரும் ஒரு வேலை அவனுக்கு வேண்டும். பயில்முறைக்கும் தொழில்முறைக்கும் இடையிலான இந்த மூன்றாம் வழியே கோபாலனுக்குக் கிடைத்தது.

மொறப்பாக்கத்திலிருந்து சேப்பாக்கத்துக்கு

கோபாலன் 1909ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்தவர் என்பது பதிவு. அம்மாவட்டத்திலிருந்தும் வட ஆர்க்காடு, சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்தும் நம் மக்கள் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. ஊர்ப்பெயரே அவர் பெயரின் முதலெழுத்தாயிற்று. அவர் ஆட்டம் வளர்ந்த இடம் சென்னைத் திருவல்லிக்கேணி.

சென்னைக் கிரிக்கெட்டில் அந்நாளில் உயர்ந்த மேடை, பொங்கலையொட்டி ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் நடந்த மாகாண ஆட்டம் ஆகும். ஒரு பக்கம் ஐரோப்பியர், மறுபக்கம் இந்தியர். இந்தியர்க்குக் கிரிக்கெட்டில் வழிகாட்டிய புச்சிபாபு நாயுடு இவ்வாட்டத்துக்கு ஏற்பாடு செய்து, அது நிகழுமுன்னே 1908இல் மறைந்தார். ஆளும் இனத்தோடு அடிமைப்பட்ட இனம் சமநிலையில் நிற்கக்கூடிய இடங்கள் அக்காலத்தில் மிகச் சில. ஆகையால் அவ்வாட்டத்தைக் காண மக்கள் பெருந்திரளாகக் கூடினர்.

ஐரோப்பியர் பக்கத்தின் தூணாக விளங்கியவர் சி.பி. ஜான்ஸ்டன். பர்மா ஷெல் என்னும் எண்ணெய்க் கம்பெனியில் பணியாற்றியவர். சென்னைக் கிரிக்கெட்டின் வளர்ச்சிக்கு உழைத்தவர்களில் முன்னிற்பவர். இளைஞர் கோபாலனின் வேகப் பந்துவீச்சைக் கண்டு மதித்த அவர், தம் கம்பெனியிலேயே கோபாலனுக்கு வேலை வாங்கித் தந்தார். எதிரணியில் நிற்கப் போகிறவனுக்கு இவ்வுதவி புரிந்தது அவரது பெருந்தன்மையைக் காட்டும். அதே வேளையில், ஒரு வெள்ளை அதிகாரியின் கண்ணில் படாத திறமைக்கு அந்நாளில் வேறு வாயில் அரிது என்பதையும் அது காட்டும். இவ்விரண்டையும் சேர்த்தே நோக்குதல் நேர்மையாகும்.

மித வேகத்துக்கும் சற்று மேலான விரைவில் பந்து வீசி, புதுப்பந்தை இருபுறமும் திருப்பவல்லவர் கோபாலன். மட்டையைப் பிடித்தால் ஓங்கி அடிப்பவர். கிரிக்கெட் ஓய்ந்திருக்கும் பருவத்தில் வளைகோலை எடுத்துக்கொண்டு திடலுக்குச் சென்றார். அங்கும் மாகாண அளவில் முன்னணிக்கு வந்தார். இரண்டு ஆட்டங்களுக்கும் பொதுவான பண்புகள் சில உண்டு. ஓடிவரும் பந்தின் திசையை நொடியில் கணிக்கும் கண், தாழக் குனிந்து நிமிரும் இடுப்பு, மணிக்கட்டின் வலிமை ஆகியவை இரண்டுக்கும் உரியவை. ஒன்றிற் செய்த பயிற்சி மற்றொன்றுக்கும் உரமாயிற்று என்று கொள்ளலாம்.

ஓராண்டில் இரு பெருமைகள்

1933–34இல் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. இந்திய மண்ணில் டெஸ்ட் ஆட்டம் நிகழ்ந்தது அதுவே முதல் முறை. இரண்டாவது டெஸ்ட் 1934 ஜனவரி 5ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத் திடலில் தொடங்கியது. அதில் கோபாலன் இந்தியாவுக்காக ஆடினார். அவ்வாட்டத்தில்தான் முஷ்டாக் அலி, சி.எஸ். நாயுடு, திலாவர் ஹுசேன் ஆகியோரும் முதன்முதலாக இடம்பெற்றனர். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கோபாலன் இரு முறையும் சேர்த்து எடுத்த ஓட்டங்கள் 18. வீழ்த்தியது ஒரே விக்கெட்.

மூன்றாவது டெஸ்ட் அடுத்த திங்களே சென்னைச் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. தாம் வளர்ந்த திடலில், தம் மக்கள் முன்னிலையில் ஆடும் வாய்ப்பு கோபாலனுக்குக் கிட்டவில்லை. அணியில் அவர் பெயர் இல்லை. அதன்பின் எந்த டெஸ்ட் ஆட்டத்திலும் அவர் ஆடவில்லை. ஒரே ஒரு டெஸ்ட் என்பதே அவர் கணக்கு.

எனினும் அதே ஆண்டு, வரலாறு அவருக்கு வேறொரு முதன்மையை வழங்கியது. இந்திய மாகாணங்களுக்கிடையிலான ரஞ்சிக் கோப்பைப் போட்டி 1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னையும் மைசூரும் மோதின. அப்போட்டியின் முதற்பந்தை வீசியவர் கோபாலன். எதிர்கொண்டவர் மைசூரின் கர்டிஸ். ஏ.ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்த, ஆட்டம் ஒரே நாளில் சென்னையின் வெற்றியாக முடிந்தது. இன்றளவும் தொடரும் அப்பெரும் போட்டியின் எண்ணற்ற பந்துகளுக்கெல்லாம் முதற்பந்து ஒரு தமிழர் கையிலிருந்து புறப்பட்டது.

மறு ஆண்டான 1935இல் இந்திய வளைகோற்பந்து அணி நியூசிலாந்துக்குப் புறப்பட்டது. தலைவர், அவ்வாட்டத்தின் மந்திரவாதி என்று உலகம் போற்றிய தயான் சந்த். அவ்வணியில் கோபாலன் இடம்பெற்றார். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களை ஆடிய அவ்வணி, ஒன்றிலும் தோற்காமல் திரும்பியது. தயான் சந்த் ஒருவரே இருநூறு கோல்களுக்கு மேல் அடித்தார். கிரிக்கெட்டில் இந்தியா அப்போது கற்றுக்கொள்ளும் நாடு. வளைகோற்பந்திலோ 1928, 1932 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற, உலகை ஆளும் நாடு. கோபாலன் அவ்விரு நிலைகளையும் உள்ளிருந்து கண்டவர்.

1936: பிரியும் பாதை

1936ஆம் ஆண்டின் கோடையில் இரண்டு இந்திய அணிகள் ஐரோப்பா செல்லவிருந்தன. ஒன்று, இங்கிலாந்து சென்று மூன்று டெஸ்ட் ஆட வேண்டிய கிரிக்கெட் அணி. மற்றொன்று, பெர்லின் ஒலிம்பிக்கில் ஆட வேண்டிய வளைகோற்பந்து அணி. கிரிக்கெட் அணியில் கோபாலனுக்கு இடம் உறுதியாயிருந்தது. ஒலிம்பிக் அணிக்கான தேர்வாட்டத்திலும் அவர் கலந்துகொள்ளலாம். நியூசிலாந்திலிருந்து வெற்றியோடு திரும்பியவர்க்கு அங்கே நல்ல வாய்ப்பு இருந்தது. ஆயின் ஒருவர் ஒரே கோடையில் இரு கப்பல்களில் ஏறுதல் இயலாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்.

பின்னர் நிகழ்ந்தவற்றை அறிந்த நமக்கு இத்தேர்வு பிழையாகத் தோன்றுவது எளிது. அக்கிரிக்கெட் பயணம் பூசல்களால் சீர்கெட்டது. தலைவராகச் சென்ற விஜயநகர இளவரசர், ஆட்டத் திறத்தினும் செல்வாக்கால் அப்பதவியை அடைந்தவர் என்பது பரவலான கருத்து. அணிக்குள் கட்சிகள் தோன்றின. சிறந்த ஆட்டக்காரராகிய லாலா அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்பே ஒழுங்கு நடவடிக்கையாகத் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் இரண்டில் இந்தியா தோற்றது. ஒன்று சமநிலையில் முடிந்தது. இவற்றுள் ஒன்றிலேனும் கோபாலன் களம் இறக்கப்படவில்லை. கடல் கடந்து சென்று, ஏனைய ஆட்டங்கள் சிலவற்றில் மட்டும் ஆடித் திரும்பினார்.

பெர்லினிலோ, தயான் சந்தின் அணி ஹங்கேரியை 4–0, அமெரிக்காவை 7–0, ஜப்பானை 9–0, பிரான்சை 10–0 என வென்று இறுதியாட்டத்தை அடைந்தது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன அவ்விறுதியாட்டம் ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்தது. ஜெர்மனியை 8–1 எனத் தோற்கடித்து இந்தியா தங்கம் பெற்றது. அதே ஆகஸ்டு 15ஆம் நாள் லண்டன் ஓவல் திடலில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அங்கே இங்கிலாந்தின் ஹேமண்ட் இந்தியப் பந்துவீச்சைச் சிதறடித்து இரட்டைச் சதத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். ஆடும் பதினொருவருள் கோபாலன் இல்லை. தங்கம் வென்ற அணியிலும் அவர் இல்லை. தோற்ற அணியின் களத்திலும் அவர் இல்லை.

பிழையா அன்றா?

ஒரு முடிவை அதன் விளைவால் மட்டும் அளப்பது நேர்மையான அளவையன்று. முடிவெடுத்த வேளையில் என்ன தெரிந்திருந்தது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். 1936 வசந்தத்தில் நின்று பார்த்தால் காட்சி வேறு.

முதலாவது, ஓரிடம் கையில் இருந்தது. மற்றோரிடம் தேர்வாடிப் பெற வேண்டியது. "கையிலே வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்" என்பது நம் வழக்கு. இரண்டாவது, அவர் தொழிலும் ஆட்டமும் கிரிக்கெட்டோடு பிணைந்திருந்தன. அவரைக் கைதூக்கிவிட்டவர் கிரிக்கெட்டாளர். வேலை வந்தது கிரிக்கெட்டால். மூன்றாவது, இங்கிலாந்துத் திடல்களின் ஈரமான புல்தரை மித வேகப் பந்துவீச்சாளர்க்கு மிகவும் ஏற்றது. கல்கத்தாவில் ஒரே விக்கெட்டோடு நின்றவர் தம் திறத்தை நிறுவ அதனினும் நல்ல இடம் வேறில்லை. தலைமைப் பூசலை அவர் முன்னரே அறிந்திருக்க முடியாது. ஆகவே அவர் செய்தது பிழையென்று தீர்ப்பளிப்பதற்கில்லை. நல்ல காரணங்களோடு எடுத்த முடிவும் நல்ல பயனைத் தராது போகலாம் என்பதற்கு அது சான்று. மாணவர்க்கு இதனை எடுத்துரைத்தல் மிகவும் பயன்தரும். ஏனெனில் தேர்வில் தோற்றவுடன் தன் முயற்சியே பிழையென்று எண்ணுவது இளையோர் இயல்பு.

அதே கப்பலில் மற்றொருவர்

அந்த 1936 அணியிலேயே சென்னையைச் சேர்ந்த வேறோர் இருதுறை வல்லவரும் இருந்தார். அவர் கோட்டா ராமசாமி. முன்னர்க் குறிப்பிட்ட புச்சிபாபுவின் மகன். 1896இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பயின்றவர். 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்தியாவுக்காக ஆடியவர். அவர் தம் நாற்பதாம் வயதில் மான்செஸ்டர் டெஸ்டில் முதன்முதலாகக் களமிறங்கி 40, 60 ஓட்டங்களும், ஓவலில் 29, 41 ஓட்டங்களும் எடுத்தார். அவர் ஆடிய டெஸ்டுகள் இவ்விரண்டே. 1985இல் முதிய வயதில் வீட்டைவிட்டு வெளியே சென்ற அவர் மீண்டும் காணப்படவே இல்லை என்பது கிரிக்கெட் வரலாற்றின் தீராப் புதிர்களுள் ஒன்று.

இருவரையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். ராமசாமிக்கு இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் இருந்தன. குடும்பச் செல்வமும் கல்வியும் அவருக்குக் காத்திருக்கும் வசதியைத் தந்தன. ஒரு துறையை முடித்துவிட்டு மற்றொன்றுக்கு வர அவரால் முடிந்தது. வேலையையும் விடுப்பையும் நம்பிய கோபாலனுக்கோ இரண்டும் ஒரே பருவத்தில் வந்து நின்றன. இருவருக்கும் இரட்டைத் திறன் இருந்தது. நேரம் என்னும் செல்வம் மட்டும் இருவர்க்கும் ஒரே அளவில் இல்லை.

மலாயாவின் சான்றுகள்

கோபாலன் பிறந்த அதே 1909இல் கோலாலம்பூரில் பிறந்தவர் லால் சிங். 1932இல் லார்ட்ஸ் திடலில் இந்தியா தன் முதல் டெஸ்டை ஆடியபோது பதினொருவருள் ஒருவராக நின்ற மலாயா மைந்தர் அவர். அவர் எடுத்த ஓட்டங்கள் 15, 29. ஆயினும் ஆங்கிலேயரை வியக்கச் செய்தது அவர் பந்தைத் தடுத்து எறிந்த விரைவே. அவருக்கும் ஒரே டெஸ்டுதான். பிற்காலத்தில் கோலாலம்பூருக்கு மீண்டு திடல் பேணும் பணியில் வாழ்ந்து 1985இல் மறைந்தார்.

மலாயா முதன்முறையாக ஒலிம்பிக்கிற் கலந்துகொண்ட 1956இல், மெல்போர்னில் வளைகோற்பந்து ஆடிய மைக் ஷெப்பர்ட்சன் கிரிக்கெட்டிலும் நாட்டுக்காக ஆடியவர். மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை நாளை அறிவித்த ஆண்டும் அதுவே. நாடு தன் பெயரில் நிற்கத் தொடங்கிய காலத்தில், ஆட்டக்காரரும் நாட்டின் பெயரில் ஆடத் தொடங்கினர். அடுத்த தலைமுறையில் மணி ஜெகதீசன் 1960, 1964, 1968 ஆகிய மூன்று ஒலிம்பிக்கில் ஓடினார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார். ஓடிய காலத்திலேயே சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று மருத்துவரும் ஆனார். அதே பாங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் எம். ராஜாமணி. "புத்தகமா, பந்தா?" என்று பிள்ளையிடம் கேட்கும் பெற்றோர்க்கு ஜெகதீசனின் வாழ்க்கை ஒரு மறுமொழி.

எண்ணுக்குள் அடங்காதவை

கோபாலனின் டெஸ்ட் கணக்கை மட்டும் நோக்கினால் ஓராட்டம், 18 ஓட்டங்கள், ஒரு விக்கெட் என முடிந்துவிடும். ஆண்டிறுதி அறிக்கையில் ஒரு மாணவனுக்கு இட்ட மதிப்பெண்ணைப் போன்றது அது, பொய்யன்று, முழுமையுமன்று. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் சென்னைக்காக ஆடி, அணியைத் தலைமை தாங்கியும் நடத்தியவர் அவர். பின்னர் நாட்டணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் அமர்ந்தார்.

அவருடைய ஆட்டப் பணியைச் சிறப்பிக்கும் வகையில் 1953இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பை என்னும் போட்டி தொடங்கப்பட்டது. இலங்கை அப்போது டெஸ்ட் ஆடும் நாடன்று. ஆண்டுதோறும் கடல் கடந்து வலிய அணியொன்றோடு மோதும் வாய்ப்பை அக்கோப்பை இருபதாண்டுகளுக்கு மேலாக அந்நாட்டுக்கு வழங்கியது. 1982இல் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியபோது, அதன் பின்னே இத்தகைய ஆட்டங்களின் பயிற்சி இருந்தது. ஒருவர் வீழ்த்திய விக்கெட்டுகளை எண்ணிவிடலாம்; அவர் பெயரால் வளர்ந்தவர்களை எண்ணுதல் எளிதன்று.

கோபாலன் 2003 டிசம்பர் 21ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அப்போது உலகில் உயிருடனிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களுள் வயதில் மூத்தவர் அவரே.

ஆசிரியர் கொள்ளத்தக்கது

இவ்வரலாறு ஆசிரியர்க்கு மூன்று குறிப்புகளைத் தருகின்றது. ஒன்று: இரு துறைகளில் திறன் காட்டும் பிள்ளையிடம், காலம் வருமுன்னே ஒன்றை விடச் சொல்லுதல் தேவையற்றது. கோபாலன் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது இருபத்தாறாம் வயதில். பன்னிரண்டாம் வயதில் அன்று. அதுவரை இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன. இரண்டு: தேர்ந்தெடுக்கும் வேளை வரும்போது, அம்முடிவு பிள்ளையுடையதாக இருத்தல் வேண்டும், பயன் தவறினாலும் முடிவைப் பழித்தல் கூடாது. மூன்று: திறமையைக் கண்டவுடன் கைதட்டி நின்றுவிடாமல், அதற்கு வேண்டிய நேரத்தை யார் தருவார் என்று தேட வேண்டும். பேருந்துக் கட்டணம், ஒரு சோடிக் காலணி, வேலை நாளில் தந்தையின் ஒப்புதல், பயிற்சிக்குப்பின் பாடத்தில் சிறிது துணை ஆகியவையே பெரும்பாலும் ஒரு பிள்ளையின் ஆட்டம் தொடர்வதையும் நிற்பதையும் முடிவுசெய்கின்றன.

பழமொழித் தச்சன் பல மரம் கண்டது குற்றமன்று. வெட்டுவதற்கு அவன் கையில் உளியும், அதற்கென ஒரு பகற்பொழுதும் இருந்தனவா என்பதையும் கேட்டறிந்த பின்னரே அவனைக் குறைகூறுதல் முறையாகும்.